முந்நூறு பேருக்கு எத்தனை கிடாரம்?

கலியாண வீட்டில் சோறு மிஞ்சினால் ஊர் அதை ஒரு நாள் பேசும். பந்தி நடுவில் சோறு முடிந்துபோனால் பேரப்பிள்ளைகள் காலம் வரை பேசும். நம் விருந்துகளில் கிடாரம் கிடாரமாகச் சாப்பாடு மிஞ்சுவதற்கு இந்தப் பயம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வீண் பெருமை, ஆடம்பரம் என்று கண்டிப்பவர்களும் இதே விளக்கத்தைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது என்று தெரிகிறது. விருந்தாளியின் பசி எவ்வளவு என்று தெரியாததும் பெரிய சிக்கல் இல்லை. கூட்டம் பெருகப் பெருக அந்தச் சிக்கலைப் புள்ளியியல் தானாகவே தீர்த்துவிடும். தீராமல் நிற்பது வேறொன்று: மழை, கடல், வாகனம், முகூர்த்தம் என்று எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தள்ளும் காரணங்கள். இவற்றை எந்த அளவுகோலாலும் முன்கூட்டி அளக்க முடியாது. ஆகவே எவ்வளவு சமைப்பது என்ற கேள்வியைவிட, அதை எப்போது முடிவு செய்வது என்ற கேள்வியே முக்கியமானது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

கணக்குக்கு ஓர் இடம் வேண்டும். மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில் வாழைச்சேனையைத் தாண்டி வடக்கே போனால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை என்று ஊர்கள் வரும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் களப்பும் காடும் வயலும். கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும் இந்த ஊர்களில் மீன்பிடியும் பயிர்ச்செய்கையும்தான் பெரும்பாலோரின் தொழில். அங்கே மாங்கேணியில் ஒரு சாமத்திய வீடு என்று வைத்துக்கொள்வோம். 80 வீடுகளுக்கு அழைப்பு. வீட்டுக்கு 5 பேர் என்றால் 400 பேர். அனுபவத்தில் நாலில் மூன்று பங்கு வருவார்கள், அதாவது 300 பேர். சாப்பாடு பஃபே முறையில். எத்தனை கிலோ அரிசி போடுவது? இனி வரும் எண்கள் இந்தக் கற்பனை விருந்துக்காக எடுத்துக்கொண்டவை. அவற்றுக்கு இடையிலான விகிதங்கள்தான் நமக்கு முக்கியம்.

இலங்கையில் ஓர் ஆள் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி உண்கிறார். நாளுக்கு ஏறத்தாழ 280 கிராம் அல்லது சற்று அதிகம். மதியம்தான் பெரிய சாப்பாடு என்பதால் விருந்தில் ஆளுக்கு 150 கிராம் அரிசி என்பது பொருந்தும் எடுகோள். கிலோவுக்கு ஆறு பேர், ஏழு பேர் என்று சமையற்காரர்கள் சொல்லும் கணக்கும் இதன் அருகேதான் வரும். ஆனால் எல்லாரும் சராசரி ஆள் இல்லை. வலை இழுத்துவிட்டு வந்த இளைஞன் 250 கிராம் அரிசிச் சோற்றைச் சாதாரணமாக உண்பான். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் பெரியவர் 70 கிராமோடு எழுந்துவிடுவார். ஆளுக்கு ஆள் இந்த வேறுபாட்டின் நியம விலகல் 60 கிராம் என்று கொள்வோம். தனி ஆளைப் பொறுத்தவரை இது 40 சதவீத நிச்சயமின்மை, மிகப் பெரியது. 300 பேரைக் கூட்டும்போது என்ன ஆகிறது? மொத்தம் 45 கிலோ. விலகலோ 300 மடங்கு ஆவதில்லை, 300இன் வர்க்கமூலத்தால், அதாவது 17 சொச்சத்தால்தான் பெருகுகிறது. 60 கிராமை 17 சொச்சத்தால் பெருக்கினால் வெறும் ஒரு கிலோ. அதைப் போல இரண்டு மடங்கு பாதுகாப்பு வைத்து 47 கிலோ போட்டால், 300 பேர் வரும் நூறு விருந்துகளில் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்டவற்றில் சோறு தட்டாது. 20 பேர் விருந்தில் இந்த நிச்சயமின்மை 9 சதவீதம். 300 பேர் விருந்தில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரிய விருந்துக்குச் சமைப்பது கடினம் என்ற எண்ணம், பசியைப் பொறுத்தவரை, தலைகீழானது.

இந்த வர்க்கமூலக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவரின் பசிக்கும் இன்னொருவரின் பசிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. தொடர்பு வந்துவிட்டால் கணக்கு குலைந்துவிடும். ராகு காலம் கழியட்டும் என்று சடங்கு இரண்டு மணிநேரம் தள்ளிப்போனால் ஓர் ஆள் மட்டுமா பசித்திருப்பார்? 300 பேரும்தான். எல்லாரும் வழக்கத்தைவிட 15 சதவீதம் கூட உண்டால் கிட்டத்தட்ட 7 கிலோ அரிசி அதிகம் வேண்டும். பந்தலுக்குள் வெக்கை ஏறினால் எல்லாரும் சோற்றைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். வந்தவுடன் கொடுத்த பலகாரம் தாராளமாக இருந்துவிட்டால் மதியச் சோறு எல்லாருக்கும் குறையும். கூடி உண்பதே ஒரு பொதுக் காரணம்தான். அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ 1980களில் இருந்து சேர்த்த உணவு நாட்குறிப்புகள், தனியே உண்பதைவிடப் பிறரோடு உண்ணும்போது மனிதர் கூடுதலாக உண்கிறார் என்று காட்டின. இது தெரிந்த, மாறாத விளைவு என்பதால் விருந்துக் கணக்கில் சேர்த்துவிடலாம். முகூர்த்தம் தள்ளிப்போவதை அப்படிச் சேர்க்க முடியாது.

வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வருவோம். உண்மையான குழப்பம் இங்கேதான். 400 பேரும் தனித்தனியே முடிவெடுப்பவர்கள் என்றால் வருகை 300, விலகல் 9க்குள். 317 பேருக்கு ஆயத்தம் செய்தால் போதும். ஆனால் யாரும் அப்படி வருவதில்லை. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஐவரும் நிற்கிறார்கள். வீட்டோடு வருவது, அல்லது வீட்டோடு வராமல் விடுவது என்றே வைத்துக்கொண்டால் நாம் நாணயத்தைச் சுண்டுவது 400 தடவை இல்லை, 80 தடவைதான். விலகல் 19க்கு ஏறுகிறது. இப்போது 339 பேருக்கு ஆயத்தம் வேண்டும். மாதிரிக் கணக்கெடுப்பில் கொத்தாகத் தெரிவு செய்யப்படும் ஆட்களால் துல்லியம் எவ்வளவு கெடுகிறது என்பதை லெஸ்லி கிஷ் 1965இல் வந்த தம் நூலில் ஒரு சூத்திரமாக்கினார். ஐவர் கொண்ட கொத்துகள் முழுமையாக ஒட்டி நடந்தால் மாறுபாடு, அதாவது விலகலின் வர்க்கம், ஐந்து மடங்காகும் என்கிறது அது. கிஷ் வீடு வீடாகக் கருத்துக் கேட்பதைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் வீட்டோடு விருந்துக்கு வருகிற கூட்டத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இதற்கு மேல் ஊர் முழுவதையும் ஒன்றாக அசைக்கும் காரணங்கள் இருக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டத் தொடங்கினால் தாழ்ந்த இடங்களில் வீதிக்கு மேலாக வெள்ளம் பாயும். மட்டக்களப்பிலிருந்து ஒரு பஸ் பிடித்து 50 பேர் வருவதாக இருந்து, அந்த பஸ் நின்றுவிட்டால் 50 தட்டும் ஒரேயடியாகக் குறையும். நல்ல மீன்பாடு உள்ள நாளில் தோணி வைத்திருக்கும் ஆண்கள் யாருமே கரையில் இருக்க மாட்டார்கள். வெயில் நாளில் 80 சதவீதம், மழை நாளில் 55 சதவீதம் வருவார்கள் என்று வைத்தால் 320 பேருக்கும் 220 பேருக்கும் இடையில் விருந்து ஊசலாடுகிறது. வித்தியாசம் 100 பேர், 15 கிலோ அரிசி. தனி ஆட்களின் பசி வேறுபாட்டுக்காக நாம் ஒதுக்கியது 2 கிலோ. கூட்டம் பெருகினால் இந்த ஊசலாட்டம் குறையவும் செய்யாது. 4,000 பேரை அழைத்தால் 1,000 தட்டு ஊசலாடும்.

பயத்தின் பங்கை இப்போது எடைபோட்டுப் பார்க்கலாம். 1888இல் பொருளியலாளர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த், வங்கி ஒன்று எவ்வளவு பணத்தைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று ஆராய்ந்தார். பணம் எடுக்க வருவோர் தொகை முன்கூட்டித் தெரியாது. கூடுதலாக வைத்தால் வட்டி நட்டம், குறைவாக வைத்தால் பெயர் நட்டம். அன்றைய பத்திரிகைகளை அன்றே விற்றாக வேண்டிய கடைக்காரரின் கணக்காக இது பிறகு பாடநூல்களில் ஏறியது. சாரம் எளிது: குறைந்துபோனால் வரும் இழப்பு, மிஞ்சினால் வரும் இழப்பைப் போல எத்தனை மடங்கு என்பதே எந்த அளவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். ஒரு தட்டுச் சோறு மிஞ்சுவதைவிட ஒருவர் சாப்பிடாமல் திரும்புவது 19 மடங்கு மோசம் என்று வீட்டுக்காரர் கருதினால், நூற்றுக்கு 95 விருந்துகளில் தட்டாமல் இருக்கும் அளவுக்குச் சமைப்பதே அவருக்கு நியாயம். மழை போன்ற பொதுக் காரணங்களையும் சேர்த்து வருகையின் விலகல் 40 பேர் என்றால் அதற்கு 66 தட்டு உபரி வேண்டும். அவர் மேலும் பயந்தவர், 99 மடங்கு என்கிறார் என்று வையுங்கள். உபரி 93 தட்டு ஆகும். வெட்கம் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியும் உபரி ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. மறுபக்கம், பயத்தை அப்படியே 19 மடங்கில் வைத்துவிட்டு, வருகை பற்றிய விலகலை 40இலிருந்து 15க்குக் குறைத்தால் உபரி 66இலிருந்து 25 தட்டுக்கு இறங்கிவிடுகிறது. மனிதரின் மானத்தைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைவிட அவருக்குத் தகவல் தருவது பல மடங்கு பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. வீண்செலவு பற்றிய மேடைப் பேச்சுகள் இத்தனை காலமாகக் கிடாரத்தை அசைக்காததில் வியப்பில்லை.

பந்தி முறை இந்தத் தகவலை இலவசமாகத் தந்தது. 300 பேரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. 60, 70 பேராக உட்காருவார்கள். முதல் பந்தி எழும்போது சோறு எவ்வளவு போயிற்று, கத்தரிக்காய்ப் பால்கறி எவ்வளவு நின்றது, வெளியே இன்னும் எத்தனை பேர் என்று சமையற்காரர் கண்ணால் பார்த்துவிடுவார். அதற்கேற்ப உலை ஏறும், அல்லது இறங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆயுதங்களின் தரத்தைச் சோதிக்க ஆபிரகாம் வால்ட் உருவாக்கிய தொடர் பகுப்பாய்வு முறையின் அடிப்படையும் இதுவே: மாதிரியின் அளவை முன்கூட்டித் தீர்மானிக்காதே, ஒவ்வொரு முடிவும் அடுத்ததைச் சொல்லட்டும். 1947இல் அது நூலாக வந்தது. காத்தான்குடி, ஓட்டமாவடி முஸ்லிம் விருந்துகளின் சஹன் முறை இன்னொரு வழியில் அதே வேலையைச் செய்கிறது. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் வரை அமர்வதால், அதிகம் உண்பவரும் குறைவாக உண்பவரும் ஒரே தட்டுக்குள் சமப்படுகிறார்கள். ஆறு பேரின் சராசரியில் 40 சதவீத நிச்சயமின்மை 16 சதவீதமாகக் குறைகிறது. எத்தனை சஹன் வைத்தோம் என்று எண்ணினாலே வருகையும் தெரிந்துவிடுகிறது. பஃபே மேசை இந்த இரண்டையும் இழக்கிறது. எல்லாச் சாப்பாடும் சமைத்து முடிந்து, அழகாக மூடிவைத்த பிறகுதான் முதல் ஆள் தட்டை எடுக்கிறார். அந்த ஆள் சொல்லக்கூடிய தகவல் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

பஃபேயின் இன்னொரு சுமை கறிகளின் எண்ணிக்கை. சோறும் நான்கு கறியும் என்றிருந்த சாப்பாடு, மேசைக்கு வரும்போது கோழி, றால், கணவாய், நண்டு, பொரித்த மீன், முட்டை, ஐந்தாறு மரக்கறி, வெள்ளைச் சோறு, மஞ்சள் சோறு, பிரைட் றைஸ் என்று விரிகிறது. தேவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சம பங்காகப் பிரிந்தால், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்பு வைக்கும்போது மொத்த உபரி இரட்டிப்பாகும். ஒன்பதாகப் பிரித்தால் மும்மடங்கு. மீண்டும் அதே வர்க்கமூலம், இம்முறை நமக்கு எதிராக. உண்மை நிலை இதைவிட மோசம். கோழி எடுத்தவர் றாலைக் குறைப்பார்; ஆகவே ஒவ்வொரு கறியின் தேவையும் மொத்தத் தேவையைவிட மிக அதிகமாக ஆடும். ஒரு சுவை சலித்த பிறகும் இன்னொரு சுவைக்கு வயிறு இடம் கொடுக்கும் என்பதை பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் முதலானோர் 1980களின் தொடக்கத்தில் பரிசோதித்துக் காட்டினார்கள். வகை கூடினால் உண்ணும் அளவும் கூடுகிறது. இதற்கு மருந்து, மொத்தம் தட்டாமல் பார்த்துக்கொண்டு, தனித்தனிக் கறிகள் கடைசியில் முடிந்துபோக விடுவது. கடைசியில் வருபவருக்கு றால் இல்லாமல் போவது மரியாதைக் குறைவு என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குத்தான் நட்சத்திர ஹோட்டல்களில் விலை கூடிய கறிக்கு மட்டும் அகப்பையோடு ஓர் ஆளை நிறுத்துகிறார்கள். மேசையில் அந்த ஒரு மூலையில் பந்தி திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

தட்டைச் சின்னதாக்கினால் போதுமே என்பவர்கள் உண்டு. இதில் சற்றுக் கவனம் வேண்டும். தட்டின் அளவு, மேசையில் வைக்கும் ஒழுங்கு பற்றியெல்லாம் பரபரப்பான முடிவுகளை வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க், ஆய்வு நெறி மீறியதாக 2018இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. ஆகவே இந்தத் துறையில் கேள்விப்பட்டதை எல்லாம் நம்பிவிட முடியாது. ஆனால் நிற்கும் சான்றும் இருக்கிறது. பெரிய பரிமாறல் அளவும் பெரிய பாத்திரமும் உண்ணும் அளவை ஓரளவு கூட்டுகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. நோர்வேயின் ஸ்டெஃபென் கால்பெக்கன், ஹோகோன் சேலன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு நம் விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது: ஹோட்டல் பஃபேக்களில் தட்டைச் சின்னதாக்கியபோதும், எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம் என்று ஓர் அறிவிப்பை வைத்தபோதும் உணவு விரயம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது, விருந்தினரின் திருப்தி குறையவில்லை. நல்ல செய்திதான். ஆனால் சின்னத் தட்டு முதன்மையாகக் காப்பாற்றுவது தட்டில் மிஞ்சுவதை. கிடாரத்தில் மிஞ்சுவது வேறு கணக்கு. மழை பெய்து 100 பேர் வராவிட்டால் சின்னத் தட்டு எதையும் செய்யாது.

மிஞ்சினால் என்ன, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். கொடுக்கவும் செய்கிறார்கள்; பார்சல் கட்டி அனுப்பாத விருந்து வீடு குறைவு. ஆனால் இங்கே நுண்ணுயிரியல் குறுக்கே நிற்கிறது. அரிசியோடு வரும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி, கிழக்குக் கரையின் பகல் வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சைச் சுரக்கும். அந்த நச்சு சூட்டுக்கு அழியாது. மீண்டும் சுடவைத்தாலும் பயனில்லை. பெரிய கிடாரம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. வெப்பம் உள்ளிருந்து வெளியே கடத்தப்பட எடுக்கும் நேரம் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் குவிந்த சோறு ஆறுவதற்கு, 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் பரப்பிய சோற்றைவிட ஏறத்தாழ 16 மடங்கு நேரம் ஆகும். தேங்காய்ப்பால் கறிகளும் பெரும் பாத்திரத்து இறைச்சியும் இதேபோலத்தான் கெடும். மதியம் இரண்டு மணிக்கு உபரி என்று தெரிந்து, உடனே ஆழமில்லாத தட்டங்களில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தால் அது நல்ல தானம். கடைசி விருந்தாளியையும் அனுப்பிவிட்டு மாலையில் கிண்டிப் பார்த்து அனுப்புவது நோயை அனுப்புவதாகிவிடும். சமைக்காத அரிசிக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. கட்டவிழ்க்காத மூட்டையைக் கடைக்காரரே திருப்பி எடுப்பார்.

வருகிறோம், வரவில்லை என்று கடிதம் போடும் பழக்கம் நமக்கு இல்லை. பிறகு எங்கிருந்து தகவல்? அழைப்புக்குப் பதில் கேட்பதையே சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள், உண்மை. ஆனால் கேட்காமலே எண்ண முடியும். மொய் எழுதும் வழக்கமுள்ள ஊர்களில் ஒவ்வொரு வீட்டின் மொய்க் கொப்பியும் ஒரு வருகைப் பதிவேடு: எந்த மாதம், எத்தனை வீட்டார் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் கிடக்கிறது. உறவுக்காரர் இருவரின் கொப்பிகளை அவர்களின் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டால் நாலில் மூன்று பங்கு என்ற ஊகம் அளந்த எண்ணாகிவிடும். கதிர்காமப் பாதயாத்திரை இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் என்று கரையோரமாக நடந்து வருகிறார்கள். அவர்களுக்கு அன்னதானம் கொடுக்கும் ஊரார் எத்தனை பேர் என்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. முந்தின நாள் வெருகலில் தங்கியவர்களின் தொகையை அங்கிருந்து கேட்டால் போதும். விருந்து நாளிலும் அப்படியே. காலை எட்டு மணிக்கு வானத்தைப் பார்த்தும், தோணிகள் கரையில் நிற்கின்றனவா என்று பார்த்தும், பஸ் புறப்பட்டதா என்று தொலைபேசியில் கேட்டும் 100 பேர் அளவிலான அந்த ஊசலாட்டத்தில் பெரும் பகுதியைத் தீர்த்துவிடலாம். முந்தின இரவே எல்லாவற்றையும் சமைக்கத் தொடங்கியவருக்கு மட்டும் இந்தத் தகவல் பிந்திய செய்தி.

நேரத்துக்குச் சமைத்து முடிக்க முடியுமா என்று சமையற்காரர்கள் கேட்பார்கள். எல்லாவற்றையும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. எது எவ்வளவு விரைவில் வேகும் என்பதைப் பொறுத்து உணவுகளைப் பிரிக்க வேண்டும். இறைச்சிக் கறியும் பாயாசமும் மெதுவானவை. அவற்றை எதிர்பார்க்கும் எண்ணிக்கையை ஒட்டியே சமைக்க வேண்டும். சோறு, கொதிநீர் தயாராக இருந்தால், முக்கால் மணிக்குள் அடுத்த கிடாரம் இறங்கிவிடும். மைசூர்ப் பருப்பு அரை மணியில் கரையும். அப்பளம், மிளகாய்ப் பொரியல் நிமிட வேலை. சொதி வைக்கவும் நேரமாகாது. ஆகவே முதலில் 240 பேருக்கான சோற்றை வடித்து மேசைக்குக் கொண்டுவந்து, மீதி அரிசியை மூட்டையிலேயே விட்டு, ஓர் அடுப்பில் உலைநீரை மட்டும் கொதிநிலையில் வைத்திருக்கலாம். பஃபே வரிசையில் நூறாவது ஆள் தட்டெடுக்கும்போது மேசையில் எவ்வளவு நிற்கிறது, வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அங்கிருந்து அடுத்த 140 பேர் உண்டு முடிக்கும் நேரம் இரண்டாம் உலைக்குப் போதுமானது. மழையில் 220 பேர்தான் வந்தார்கள் என்றால் அந்த உலை ஏறவே போவதில்லை. கூட ஓர் அடுப்பும் விறகும் செலவு என்பார்கள்; 15 கிலோ அரிசிச் சோற்றோடும் அதற்கான கறியோடும் ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதில்லை. ஆனால் ஹோட்டல்காரர் பொறுப்பில் விட்ட விருந்தில் இது எளிதில் நடக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டி எண்ணிக்கை பேசி வாங்கும் ஒப்பந்தத்தில், குறைத்துச் சமைத்தால் யாருக்கு மிச்சம் என்ற கேள்வி எழும். குறைந்தபட்சத் தொகைக்கு ஒப்பந்தமும், அதற்கு மேல் அன்று வந்த தலைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் விலையும் என்று பேசினால் இருவருக்கும் கட்டுப்படியாகும்.

குடிபானத்துக்குக் கணக்கு நேர்மாறானது. வெயில் ஏறினால் 300 தொண்டையும் ஒன்றாக வறளும். தேவை சோற்றைவிடப் பல மடங்கு ஆடும். ஆனால் மூடி திறக்காத சோடாப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும் அடுத்த மாதமும் கெடாது, கடைக்கே திரும்பவும் போகும். மிஞ்சுவதால் வரும் இழப்பு கிட்டத்தட்ட இல்லை என்றால் எட்ஜ்வொர்த்தின் கணக்குப்படி எவ்வளவு வாங்கினாலும் தகும். ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வாங்கும் சிக்கனத்துக்கு இங்கே இடமில்லை. கரைத்துவைக்கும் மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் சோற்றின் பக்கம் சேர்ந்தவை. அவற்றை அண்டாவில் ஒரேயடியாகக் கரைக்காமல் வாளி வாளியாகக் கரைக்க வேண்டும். ஐஸ் மட்டும் இரண்டு பக்கமும் சேராது: வாழைச்சேனைப் பக்கமிருந்து காலையிலேயே ஏற்றியாக வேண்டும், மிஞ்சினாலும் தட்டினாலும் திருத்த வழியில்லை. திருப்பிக் கொடுக்க முடியாதவற்றில் பயத்துக்கு முழு உரிமை கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கூடுதலாக வாங்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான்.